முதலில் படியெடுங்கள்

2003 பிப்ரவரி 1 அன்று, பூமிக்குத் திரும்பிக்கொண்டிருந்த கொலம்பியா விண்வெளி ஓடம் டெக்சாஸ் வானில் உடைந்து சிதறியது. கல்பனா சாவ்லா உள்ளிட்ட ஏழு பேர் உயிரிழந்தார்கள். ஓடத்தின் துண்டுகள் காடுகளிலும் வயல்களிலும் நெடுந்தூரத்துக்கு இறைந்து கிடந்தன. அவற்றில் ஒன்று, வறண்டுபோன ஏரிப்படுகை ஒன்றில் சுமார் ஆறு மாதம் கழித்துக் கண்டெடுக்கப்பட்ட ஒரு ஹார்டு டிஸ்க்.

பார்த்தால் கருகிய உலோகத் துண்டு. பிளாஸ்டிக் பாகங்கள் எல்லாம் உருகியிருந்தன. சர்க்யூட் போர்டில் இருந்த சிப்புகள் எரிந்தும் கழன்றும் போயிருந்தன. தூசியைத் தடுக்கும் சீல் உருகிவிட்டதால் உள்ளே மண் புகுந்திருந்தது. அதில் இருந்தது செனான் பற்றிய ஒரு பரிசோதனையின் பதிவு: மாறுநிலைப் புள்ளிக்கு அருகே உள்ள செனானைக் கலக்கினால் அதன் பாகுத்தன்மை குறைகிறதா என்று எடையற்ற நிலையில் அளந்து பார்த்திருந்தார்கள். அமெரிக்காவின் க்ரோல் ஆன்ட்ராக் நிறுவனத்துப் பொறியாளர்கள் அந்த டிஸ்க்கைப் பிரித்து, தட்டுகளை ரசாயனக் கரைசலில் சுத்தம் செய்து, வேறொரு டிஸ்க்கின் உடலில் பொருத்திச் சுழலவிட்டார்கள். 99 சதவீதத் தகவல் கிடைத்துவிட்டது. பரிசோதனையின் முடிவுகள் 2008-ல் ‘பிசிக்கல் ரிவ்யூ இ’ ஆய்விதழில் வெளிவந்தன.

இதில் அதிர்ஷ்டத்துக்கும் பங்கு உண்டு. டிஸ்க் பாதிதான் நிரம்பியிருந்தது. அதை இயக்கியது டாஸ் என்ற இயங்குதளம். அது தகவலை இங்கும் அங்கும் சிதறவிடாமல் ஓரிடத்திலேயே வரிசையாக எழுதியிருந்தது. மண் பட்டுக் குழிந்த பகுதியில் எதுவும் எழுதப்பட்டிருக்கவில்லை. அதே ஓடத்தில் இருந்த வேறு இரண்டு டிஸ்க்குகளில் இருந்து எதையும் எடுக்க முடியவில்லை.

ஆனாலும் இந்தச் சம்பவம் ஒன்றை ஐயமறக் காட்டுகிறது. தட்டின் மேல் காந்தமாகப் பதிந்த தகவல், நாம் நினைப்பதைவிட உறுதியானது. அப்படியிருக்க, வீட்டு மேசையைவிட்டு நகராத டிஸ்க்கில் இருந்த குழந்தையின் படங்களும், மூன்று வருடம் எழுதிய ஆய்வேடும் ஏன் திரும்பி வருவதில்லை? பல நேரங்களில் அவை தொலைவது டிஸ்க் பழுதாகும் நொடியில் இல்லை. பழுதின் முதல் அறிகுறிக்குப் பிறகு, எப்படியாவது சரிசெய்துவிட வேண்டும் என்ற பதற்றத்தில் நாம் செய்யும் காரியங்களில்தான். இது ஏன் என்று புரிய, மூடிக்கு உள்ளே நடப்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

உள்ளே அலுமினியத்தாலோ கண்ணாடியாலோ ஆன தட்டுகள், ஒரே அச்சில் அடுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றின் மேல் கோபால்ட் கலந்த மெல்லிய காந்தப் படலம். அதற்கு மேல் கார்பன் பூச்சு. அதற்கும் மேல் வழுவழுப்புக்காக ஓர் எண்ணெய்ப் படிவு. மேசைக் கம்ப்யூட்டரில் உள்ள தட்டு நிமிடத்துக்கு 7200 முறை சுழலும். அதாவது நொடிக்கு 120 சுற்று. தட்டின் விளிம்பு மணிக்கு 120 கிலோமீட்டரைத் தாண்டிய வேகத்தில் ஓடுகிறது. அந்த ஓட்டத்தில் எழும் காற்றே, தட்டின் மேல் நீளும் ஒரு கையின் நுனியில் உள்ள, தகவலைப் படித்து எழுதும் ஹெட்டைத் தூக்கிப் பிடிக்கிறது. ஹெட்டுக்கும் தட்டுக்கும் இடையே உள்ள இடைவெளி சில நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சம் நானோமீட்டர் இருக்கிறது என்பதை நினைத்துக்கொண்டால், கண்ணுக்குத் தெரியாத தூசித் துகள்கூட அந்த இடைவெளிக்கு முன் எவ்வளவு பெரியது என்பது விளங்கும். மூடியைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடிவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு இந்த ஒரு கணக்கு போதும்.

ஹெட்டில் உள்ள உணரி, கீழே கடக்கும் காந்தப் புள்ளிகளின் திசையை மின்தடையின் மாற்றமாக உணர்கிறது. 1988-ல் ஆல்பர்ட் ஃபெர்ட்டும் பீட்டர் க்ரூன்பெர்க்கும் தனித்தனியே கண்டறிந்த பெரும் காந்தமின்தடை விளைவு இந்த உணரிகளை மிக நுட்பமாக்கியது. அதற்காக இருவருக்கும் 2007-ல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. இன்றைய டிஸ்க்குகளில் அதன் வாரிசான இன்னும் நுண்ணிய உணரிகள் வேலை செய்கின்றன. அவ்வளவு நுட்பம் இருந்தும், வரும் சிக்னல் தெளிவானதல்ல. டிஸ்க் தன் தகவலை ‘பார்த்து’ப் படிப்பதில்லை, இரைச்சலுக்கு நடுவே எது ஒன்று, எது பூஜ்யம் என்று கணித்து, கூடவே எழுதிவைத்த பிழைதிருத்தக் குறியீட்டோடு ஒத்துப்பார்த்து, தவறுகளைத் திருத்தி, அதன் பிறகுதான் கம்ப்யூட்டருக்கு அனுப்புகிறது. ஆரோக்கியமான டிஸ்க்கிலும் இந்தத் திருத்தம் ஓயாமல் நடக்கிறது. பிழைகள் திருத்தக்கூடிய அளவைத் தாண்டினால் அந்த செக்டாரை, அதாவது தட்டில் தகவல் எழுதப்படும் அந்தச் சிறு கூறை, அது மறுபடி படிக்கிறது. ஹெட்டை இம்மி அளவு நகர்த்திப் படிக்கிறது. மீண்டும் படிக்கிறது. ஒவ்வொரு முயற்சிக்கும் தட்டு ஒரு முழுச் சுற்று வர வேண்டும். இப்படி ஒரே ஒரு செக்டாரில் பல நொடிகள் போய்விடும்.

சிஸ்டம் திடீரென்று உறைந்து நிற்பதும், ஒரு ஃபோல்டரைத் திறக்க யுகமாவதும் இதனால்தான். டிஸ்க் உள்ளே ஒரு செக்டாரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் நாம் என்ன செய்கிறோம்? படங்கள் இருக்கின்றனவா என்று ஃபோல்டரைத் திறந்து பார்க்கிறோம். விண்டோஸ் அந்த ஃபோல்டரில் உள்ள ஒவ்வொரு படத்துக்கும் சிறு முன்னோட்டம் தயாரிக்க எல்லா ஃபைலையும் தொடுகிறது. பின்னணியில் ஆன்டிவைரஸ் தன் பங்குக்கு அதே ஃபைல்களைப் படிக்கிறது. பழுதான ஹெட்டுக்கு ஆயுள் எவ்வளவு மிச்சம் என்று யாருக்கும் தெரியாத நிலையில், இருக்கிறதா என்று பார்ப்பதற்கே அதைச் செலவழித்துவிடுகிறோம்.

பழைய ஓலைச்சுவடி கையில் கிடைத்தவர்கள் அதைப் பிரித்து வைத்துக்கொண்டு பாடபேதம் ஆராய மாட்டார்கள். தொட்டால் ஒடியும் ஏட்டை ஒருமுறை பக்குவமாகப் புரட்டிப் படியெடுத்துவிட்டு, ஆராய்ச்சியை எல்லாம் அந்தப் படியில் வைத்துக்கொள்வார்கள். பழுதான டிஸ்க்குக்கும் இதுவே முறை. மூலத்தில் சரிசெய்யும் வேலை எதுவும் கூடாது. ஒரு முறை படியெடுக்க வேண்டும். மீட்பு முயற்சி அத்தனையும் அந்தப் படியின் மேல்தான்.

இந்த முறைக்கு நேர் எதிரானது, விண்டோஸ் தானாகவே முன்வந்து செய்யும் செக்டிஸ்க் சோதனை. பலர் பழுதைக் கண்டதும் முதலில் ஓடவிடுவது அதைத்தான். செக்டிஸ்க்கின் வேலை ஃபைல்களைக் காப்பாற்றுவது அல்ல, எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்று குறித்துவைக்கும் கோப்பு அமைப்பை முரண்பாடின்றி ஆக்குவது. முரண்படும் பதிவை அது வெட்டும், உரிமையாளர் தெரியாத துண்டுகளைத் தனி ஃபோல்டரில் எண் போட்டுக் கொட்டும், இவை எல்லாவற்றையும் அதே டிஸ்க்கில் எழுதும். ஆரோக்கியமான டிஸ்க்கில் கரண்ட் போய் வந்த பிறகு அது நல்ல கருவி. ஹெட் தடுமாறும் டிஸ்க்கில் அது ஆபத்து. ‘இந்த டிரைவைப் பயன்படுத்த ஃபார்மேட் செய்ய வேண்டும்’ என்று திரையில் வரும் கேள்வியும் அப்படியே. கோப்பு அமைப்பின் தொடக்கப் பகுதியைப் படிக்க முடியவில்லை என்பதே அதன் பொருள். ஃபைல்கள் பெரும்பாலும் அங்கேயே இருக்கும். சரி என்று மட்டும் அழுத்தக் கூடாது.

அடுத்து செய்ய வேண்டியது, எந்த வகைப் பழுது என்று அறிவது. இதற்குக் காது நன்றாக உதவும். நல்ல டிஸ்க் ஒரே சீரான ரீங்காரத்தோடு சுழலும். சுழன்று, ‘டக்… டக்… டக்’ என்று சீரான இடைவெளியில் தட்டினால், ஹெட் தன் வழிகாட்டிக் குறிகளைக் கண்டுபிடிக்க முடியாமல் கை மீண்டும் மீண்டும் தொடக்கத்துக்குத் திரும்புகிறது. சுழலவே முடியாமல் மெல்லிய முனகல் மட்டும் வந்தால், ஹெட் தட்டோடு ஒட்டிக்கொண்டிருக்கலாம் அல்லது மோட்டார் இறுகியிருக்கலாம். “நேத்து வரைக்கும் ஓப்பன் ஆச்சு சார், இன்னைக்கு சத்தம் மட்டும் வருது” என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களிடம், இனி ஒரு தடவைகூட இதற்குக் கரண்ட் கொடுக்காதீர்கள் என்பதுதான் சொல்ல வேண்டிய முதல் வார்த்தை. சேதமான ஹெட் தட்டில் உரசினால், தகவல் பதிந்த அந்தப் படலமே தூளாக உதிர்ந்துவிடும். அப்படி உதிர்ந்ததை எந்த ஆய்வகமும் திரும்பக் கொடுக்க முடியாது.

எந்தச் சத்தமும் இல்லாமல், சுழலாமல், செத்ததுபோல் கிடந்தால் அதில் ஓரளவு நம்பிக்கை வைக்கலாம். 12 வோல்ட் வெளி டிஸ்க்கில் அவசரத்துக்கு லேப்டாப்பின் 19 வோல்ட் அடாப்டரைச் செருகிவிட்டால், போர்டில் காவலுக்கு நிற்கும் ஒரு டயோடு தன்னையே ஷார்ட் ஆக்கிக்கொண்டு மற்றதைக் காப்பாற்றும். தட்டும் ஹெட்டும் நன்றாகவே இருக்கும். அதற்காக அதே மாடல் போர்டை வாங்கி மாற்றினால் போதும் என்று எண்ணிவிட வேண்டாம். ஒவ்வொரு டிஸ்க்கும் தொழிற்சாலையில் தனித்தனியே அளவு பார்க்கப்பட்டது. தன் ஹெட்டுகளுக்கு மட்டுமே பொருந்தும் அளவுகளைப் போர்டில் உள்ள ஒரு சிறு சிப்பில் வைத்திருக்கிறது. அந்த சிப்பையும் பெயர்த்துப் புதுப் போர்டில் வைத்தால்தான் டிஸ்க் தன் தட்டுகளை அடையாளம் காணும். எல்லாவற்றுக்கும் முன்னால், வெளி டிஸ்க் என்றால் வேறொரு கேபிளில் செருகிப் பார்த்துவிடுவது நல்லது. குறை கேபிளில் இருப்பது அபூர்வமல்ல.

சத்தம் சரியாக இருந்து, ஆனால் வேகம் குறைந்து அவ்வப்போது பிழை காட்டினால், டிஸ்க் தன்னைப் பற்றித் தானே எழுதி வைத்திருக்கும் ஸ்மார்ட் குறிப்பைப் பார்க்கலாம். கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போன்ற இலவச மென்பொருள் அதைத் திறந்து காட்டும். கவனிக்க வேண்டியவை முக்கியமாக இரண்டு வரிகள். எண் 5, கெட்டுப்போய் மாற்று இடம் ஒதுக்கப்பட்ட செக்டார்கள். எண் 197, படிக்க முடியாமல் முடிவுக்காகக் காத்திருக்கும் செக்டார்கள். இவை பூஜ்யத்திலிருந்து ஏறத் தொடங்கினால் இனி தள்ளிப்போட நேரமில்லை. ஆனால் பூஜ்யமாக இருப்பதை நலச் சான்றிதழாகக் கொள்ளக் கூடாது. கூகுள் தன் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்து 2007-ல் வெளியிட்ட கட்டுரை இதைத் தெளிவாகச் சொல்கிறது: முதல் ஸ்கேன் பிழை தெரிந்த டிஸ்க், அடுத்த 60 நாட்களுக்குள் பழுதாகும் வாய்ப்பு அப்படிப் பிழை இல்லாததைவிட 39 மடங்கு அதிகம். அதே சமயம், பழுதான டிஸ்க்குகளில் பாதிக்கு மேல், மிக முக்கியமான நான்கு ஸ்மார்ட் அறிகுறிகளில் ஒன்றைக்கூடக் காட்டாமலேயே போயின. குறிப்பு அபாயம் என்றால் நம்பலாம். நலம் என்றால் அப்படியே நம்பிவிட முடியாது.

இனி படியெடுப்பது. இதற்கென்றே எழுதப்பட்ட கருவி க்னூ டிடிரெஸ்க்யூ. அந்தோனியோ டியாஸ் டியாஸ் என்பவர் உருவாக்கியது, இலவசம், லினக்ஸில் ஓடும். பென்டிரைவிலிருந்து லினக்ஸைத் துவக்கினால் விண்டோஸின் குறுக்கீடு எதுவும் இருக்காது. சாதாரண காப்பி முதல் பிழையிலேயே நின்றுவிடும் அல்லது அந்தப் பிழையிலேயே முட்டிக்கொண்டிருக்கும். டிடிரெஸ்க்யூ அப்படிச் செய்வதில்லை. சிக்கலான இடம் வந்தால் உடனே அதைத் தாண்டிக் குதித்து, நல்ல பகுதிகளை முதலில் அள்ளிக்கொள்கிறது. எளிதில் கிடைப்பவை எல்லாம் பத்திரமான பிறகுதான், விட்டுவந்த இடங்களின் ஓரங்களை நெருங்கி, கடைசியாக செக்டார் செக்டாராகச் சுரண்டுகிறது. ஹெட் நடுவில் செத்துப்போனாலும் அதற்குள் பெரும்பகுதி கைக்கு வந்திருக்கும். வேலையின் வரிசையில் எவ்வளவு அறிவு இருக்கிறது என்பதற்கு, இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

கறுப்புத் திரையில் சில வரிகள்தான் ஓடும். மீட்டது இவ்வளவு, இப்போதைய வேகம் இவ்வளவு, மோசமான பகுதிகள் இத்தனை, கடைசியாக ஒன்றைப் படித்து இவ்வளவு நேரமாயிற்று. கூடவே ஒரு சிறு வரைபடக் கோப்பையும் அது எழுதிவருகிறது. திறந்து பார்த்தால் எண்களும் குறிகளும் வரிவரியாக இருக்கும். கூட்டல் குறி, மீட்டாயிற்று. கேள்விக்குறி, இன்னும் தொடவில்லை. கழித்தல் குறி, படிக்க முடியவில்லை. டிஸ்க் சூடானாலோ சத்தம் மாறினாலோ நிறுத்திவிட்டு, ஆறவிட்டு, மறுநாள் தொடரலாம். வரைபடம் இருப்பதால் முன்பு படித்த இடத்தை ஒரு முறைகூட மறுபடி தொடாது. முன்னிருந்து போகாத இடத்துக்குப் பின்னிருந்து வரச் சொல்லலாம். சில டிஸ்க்குகள் அப்படிக் கொடுத்துவிடுகின்றன. நல்ல நிலையில் உள்ள 1 டிபி டிஸ்க், நொடிக்கு 100 எம்பி வேகத்தில் மூன்று மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். நோயாளி டிஸ்க்குக்குச் சில நாட்கள் ஆகலாம். பக்கத்திலேயே ஒரு மின்விசிறி ஓடட்டும். யுபிஎஸ் இருந்தால் நிம்மதி.

ஒரே ஓர் எச்சரிக்கை. எது மூலம், எது படி என்பதை மாற்றிக் கொடுத்துவிட்டால், வெற்று டிஸ்க்கின் வெறுமை மூலத்தின் மேல் எழுதப்பட்டுவிடும். கட்டளையை அழுத்துவதற்கு முன் இரண்டு டிஸ்க்குகளின் மாடலையும் அளவையும் திரையில் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். படி எடுக்கும் டிஸ்க் மூலத்தின் அளவாவது இருக்க வேண்டும்.

படி கைக்கு வந்தபின் பதற்றத்துக்கு இடமில்லை. கோப்பு அமைப்பு ஓரளவு நலமாக இருந்தால் படியை அப்படியே திறந்து ஃபைல்களை எடுத்துக்கொள்ளலாம். பகுதிப் பிரிவுகள் அழிந்திருந்தால் டெஸ்ட்டிஸ்க் அவற்றைத் தேடித் தரும். எல்லாமே குலைந்திருந்தால் அதன் துணைக் கருவியான ஃபோட்டோரெக் இருக்கிறது. இரண்டையும் எழுதியவர் பிரான்ஸின் கிறிஸ்டோஃப் கிரெனியே. ஃபோட்டோரெக் ஃபைல் பெயர்களைத் தேடுவதே இல்லை. செக்டார்களைத் துழாவி, ஒவ்வொரு வகை ஃபைலும் தொடங்கும் முத்திரையைத் தேடுகிறது. ஜேபெக் படம் எதுவானாலும் எஃப்எஃப், டி8, எஃப்எஃப் என்ற மூன்று பைட்டுகளோடுதான் தொடங்கும். அதைக் கண்டதும் அங்கிருந்து படம் முடியும்வரை வெட்டி எடுத்துவிடும். பெயரும் ஃபோல்டரும் போய்விடும். துண்டுதுண்டாகச் சிதறி எழுதப்பட்ட பெரிய வீடியோக்கள் பெரும்பாலும் தேறாது. ஆனால் படங்கள் கிடைக்கும். பெயர் இல்லாத பல்லாயிரம் படங்களுக்கு நடுவே உட்கார்ந்து, தேடிய முகத்தைக் கண்டவர்களுக்கு அதன் மதிப்பு தெரியும்.

இதெல்லாம் ஹெட் வேலை செய்யும்வரை. தட்டும் சத்தம் வந்துவிட்டால் ஆய்வகம்தான். சுத்த அறையில் மூடியைத் திறந்து, அதே மாடலில் இன்னொரு டிஸ்க்கிலிருந்து ஹெட் தொகுதியை எடுத்து மாற்றுகிறார்கள். தட்டின் தனிப் பகுதியில் ஒளிந்திருக்கும் டிஸ்க்கின் உள் நிரல்களைச் சீர்செய்ய, ரஷ்யாவில் உருவான பிசி-3000 போன்ற கருவிகளைப் பயன்படுத்துகிறார்கள். செலவு அதிகம். சென்னை ரிச்சி தெருவிலோ வேறெங்கோ கொடுக்கும் முன் இரண்டு கேள்விகள் கேட்டே ஆக வேண்டும்: சுத்த அறையில்தான் திறப்பீர்களா? முதலில் படியெடுத்துவிட்டுத்தான் வேலை செய்வீர்களா? நேரான பதில் வராவிட்டால் டிஸ்க்கை வாங்கிக்கொண்டு திரும்பிவிடலாம். ஒவ்வொரு கை மாறும்போதும் மிச்சமிருப்பது குறைகிறது.

டிஸ்க்கை ஃபிரீசரில் வைத்து எடுத்தால் ஓடும் என்ற வைத்தியம் இன்னும் சொல்லப்படுகிறது. உலோகம் சுருங்கி, ஒட்டிய ஹெட் விடுபடும் என்பது அதன் கணக்கு. குளிர்ந்த டிஸ்க்கை நம் ஊர்க் காற்றில் எடுத்த உடனே அதன் மேல் நீர் அரும்பும். காற்று சமப்பட, பெரும்பாலான டிஸ்க்குகளில் ஒரு சிறு துளை இருக்கிறது; அந்த வழியே ஈரம் உள்ளேயும் போகும். நானோமீட்டர் இடைவெளியில் பறக்கும் ஹெட்டின் பாதையில் நீர்த்துளி நிற்பதைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் எத்தனையோ கம்ப்யூட்டர்கள் மூழ்கின. அப்படி நனைந்த டிஸ்க்குக்கும் இதுவே விதி: கரண்ட் கொடுக்கக் கூடாது, வெயிலிலோ ஹேர் டிரையரிலோ காயவைக்கவும் கூடாது. காய்ந்தால் தண்ணீரில் உள்ள உப்பும் சேறும் தட்டில் ஒட்டிக்கொள்ளும். ஈரத்தோடேயே பையில் கட்டி ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்கிறார்கள்.

சுழலும் தட்டுகளே இல்லாத எஸ்எஸ்டிக்கு இந்த அனுபவம் முழுதும் பொருந்தாது. அதில் சத்தம் இல்லை. பெரும்பாலும் முன்னறிவிப்பும் இல்லை. ஹார்டு டிஸ்க்கில் ஃபைலை அழித்தால், இந்த இடம் காலி என்று ஒரு குறி மட்டுமே மாறும். மேலே வேறொன்று எழுதப்படும்வரை உள்ளடக்கம் அங்கேயே கிடக்கும். எஸ்எஸ்டியில் ட்ரிம் என்ற கட்டளை, அழித்த இடத்தை உண்மையாகவே வெறுமையாக்கிவிடும். சில புதுவகை ஹார்டு டிஸ்க்குகளிலும் இப்போது ட்ரிம் வந்துவிட்டது. ஆகவே அழித்த ஃபைலைத் திரும்பப் பெறும் நம்பிக்கை, முன்பு இருந்ததைவிட இன்று குறைவு. வேறொரு டிஸ்க்கில் இன்னொரு பிரதி இருப்பது மட்டுமே அங்கே பயன் தரும்.

படியெடுத்தபின் பலர் விட்டுவிடும் ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. 99 சதவீதம் மீண்டது என்றால், மீளாத அந்த ஒரு சதவீதம் எந்த ஃபைல்களுக்குள் இருக்கிறது? டிடிரெஸ்க்யூவிடம் அதற்கும் வழி உண்டு. வரைபடத்தில் கழித்தல் குறி விழுந்த இடங்களில் எல்லாம், நாம் தரும் ஓர் அடையாளச் சொல்லைப் படியில் நிரப்பச் சொல்லலாம். பிறகு அந்தச் சொல் எந்தெந்த ஃபைல்களில் தென்படுகிறது என்று தேடினால், சேதமடைந்தவற்றின் பட்டியல் கையில் வந்துவிடும். இதைப் படியின் இன்னொரு பிரதியில் செய்வது நல்லது. அந்தப் பட்டியலில் உள்ளவற்றை வாட்ஸ்அப்பிலோ பழைய மின்னஞ்சலிலோ உறவினரின் போனிலோ தேடிப் பார்க்கலாம், மற்றவை முழுமையானவை. எல்லாவற்றையும் திறந்து பார்த்து, இரண்டு இடங்களில் சேமித்த பிறகும் பழுதான மூல டிஸ்க்கைச் சில மாதங்கள் எடுத்து வைத்திருங்கள். ஃபார்மேட் செய்து வேறு வேலைக்கு மட்டும் பயன்படுத்த வேண்டாம். கெட்டுப்போன செக்டார்கள் பட்டியலிலிருந்து மறைந்தாலும், அவற்றைக் கெடுத்த ஹெட் அதே ஹெட்தான்.